விட்டுக்கொடுத்த சித்தாந்தங்கள்

விஞ்ஞானப் பாடநூல்களில் நம் பிள்ளைகள் படிப்பதெல்லாம் முடிந்த முடிபுகளையே. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன உண்மையைக் கண்டார் என்று ஒரே வரியில் அடங்கிவிடும் வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுச் சந்தேகமும், எத்தனை பிழையும், எத்தனை நண்பர்களின் ஆட்சேபமும் மறைந்து கிடக்கின்றன என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. அதை அறிய விரும்புகிறவர், இயற்கை ஆராய்ச்சியாளரான சார்லஸ் டார்வினுக்கும் பூகர்ப்ப சாஸ்திரியான சார்லஸ் லயலுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படிப்பதே தக்க வழி என்பது என் அபிப்பிராயம்.

இருவரும் நேரில் அறிமுகமாவதற்கு முன்பே நூல் வழியாக உறவு தொடங்கிவிட்டது. 1831 டிசம்பரில், இருபத்திரண்டு வயது இளைஞராகப் 'பீகிள்' கப்பலில் புறப்பட்ட டார்வின், லயலின் 'பூகர்ப்ப சாஸ்திரத்தின் தத்துவங்கள்' முதற்பாகத்தைத் தம்முடன் கொண்டு சென்றார். அதைப் படிக்கலாம், ஆனால் அதன் கொள்கைகளை மட்டும் ஏற்றுவிடலாகாது என்று அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ எச்சரித்திருந்தார். மலையும் பள்ளத்தாக்கும் திடீர்ப் பிரளயங்களின் விளைவல்ல, இன்றும் நம் கண்ணெதிரே தொழில்படும் மழையும் ஆறும் அலையும் நிலநடுக்கமும் அளவிறந்த காலம் இயங்கியதன் விளைவே என்பது லயலின் கொள்கை. 1835 பிப்ரவரியில் சிலி நாட்டின் கன்செப்சியன் நகரைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் கடற்கரையைச் சில அடி உயர்த்தி விட்டிருப்பதைத் தம் கண்ணாலேயே கண்ட டார்வின், முகமறியாத அந்தக் குருவின் பக்கம் உறுதியாகச் சேர்ந்தார். நாடு திரும்பிய 1836 அக்டோபரிலேயே இருவரும் சந்தித்தார்கள்.

ஆயினும் சிஷ்யர் முதலில் செய்த காரியம் குருவின் கொள்கை ஒன்றை மறுத்ததுதான். வளைய வடிவான பவழத் தீவுகள், கடலில் மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பின்மீது அமைந்தவை என்று லயல் எழுதியிருந்தார். கடலடித் தளம் மெல்ல மெல்லத் தாழ, அதற்கு ஈடாகப் பவழம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருவதால்தான் அவ்வடிவம் உண்டாகிறது என்றார் டார்வின். படிப்படியான மாறுதல் என்ற லயலின் தத்துவத்தைக் கொண்டே லயலின் விளக்கத்தை வென்ற அந்த வாதத்தைக் கேட்டு, மூத்தவர் சினமோ சங்கடமோ கொள்ளாமல், தம் பழைய விளக்கத்தை 1837-இலேயே மகிழ்ச்சியோடு கைவிட்டார். 1952-இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் பவழத் தீவில் துளையிட்டவர்கள் 1,200 மீட்டருக்கும் அதிக ஆழத்தில்தான் எரிமலைப் பாறையைத் தொட்டார்கள் என்பது டார்வினுக்குக் காலம் வழங்கிய சாட்சியம்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை டார்வினுக்கும் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கில், மலைச்சரிவுகளின்மீது சாலைகளைப்போல இணையாக ஓடும் படித்தளங்களைப் பழைய கடற்கரைகள் என்று 1839-இல் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். பனியாறு அடைத்து நின்றதால் தேங்கிய ஏரிகளின் கரைகளே அவை என்று அடுத்த ஆண்டில் சுவிஸ் விஞ்ஞானி அகாசி சொன்னார். டார்வின் எளிதில் இணங்கவில்லை. 1861-இல் பூகர்ப்ப சாஸ்திரி ஜேமிசனின் ஆராய்ச்சி ஐயத்துக்கு இடமின்றி அகாசியின் பக்கமே சாய்ந்தபோது, தம் கட்டுரை முழுவதும் ஒரு மாபெரும் தவறு என்று டார்வின் ஒளிவுமறைவின்றி லயலுக்கு எழுதினார்.

இந்த நேர்மைக்கு மிகக் கடுமையான சோதனை உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய விவாதத்தில் ஏற்பட்டது. 1832-இல் வெளிவந்த தம் 'தத்துவங்கள்' நூலின் இரண்டாம் பாகத்தில் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் லாமார்க்கின் பரிணாமக் கருத்தை விரிவாக மறுத்தவர் லயல்; எனினும், டார்வினின் கருத்தைக் கேட்டறிந்தபின், வேறொருவர் முந்திவிடுவதற்குள் அதை எழுதி வெளியிடுமாறு 1856-இல் அவரைத் தூண்டியவரும் அவரே. தமக்கு உடன்பாடில்லாத கொள்கையும் உலகின் பரிசீலனைக்கு வந்தாக வேண்டும் என்று கருதிய அந்தப் பெருந்தன்மை எளிதில் காணக்கூடியதன்று. 1858 ஜூனில், அதே கருத்தைத் தாமாகவே கண்டடைந்த இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸின் கட்டுரை டார்வினிடம் வந்து சேர்ந்து, லயல் அஞ்சியபடியே நடந்துவிட்டது. ஜூலை 1-ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்துகளும் சேர்ந்து வாசிக்கப்பட ஏற்பாடு செய்தவர்கள் லயலும், டார்வினின் நண்பரான தாவரவியலார் ஹூக்கரும். தொலைவில் மலாய்த் தீவுக்கூட்டத்தில் இருந்த வாலஸின் சம்மதம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்த பின்னும் லயல் முழுதாக இசையவில்லை. 1863-இல் அவர் எழுதிய 'மனிதனின் தொன்மை', டார்வினுக்குப் பெருத்த ஏமாற்றம் அளித்தது. உயிரினங்களின் மாறுதல் குறித்துத் தம் சொந்தத் தீர்ப்பை லயல் கூறவில்லையே என்ற மனக்குறையை டார்வின் கடிதத்தில் வெளிப்படையாகத் தெரிவித்தார். தம் அறிவு சென்ற தூரத்துக்குத் தம் உணர்ச்சி இன்னும் வந்து சேரவில்லை என்ற கருத்துப்பட லயல் விடை எழுதினார். சிநேகம் முறியவில்லை. 1867-68-இல், எழுபதாம் வயதில், தம் 'பூகர்ப்ப சாஸ்திரத்தின் தத்துவங்கள்' நூலின் பத்தாம் பதிப்பில் முப்பத்தைந்து ஆண்டுக்கால நிலையை மாற்றிக்கொண்டு, பரிணாமத்தின் பக்கம் தாம் வந்துவிட்டதை லயல் அச்சிலேயே அறிவித்தார்.

டார்வின் பலருடனும் நடத்திய கடிதப் போக்குவரத்தில் கிடைத்த ஏறத்தாழ 15,000 கடிதங்கள், 1985 முதல் 2023 வரை 30 தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. மேதை என்பவன் பிழை செய்யாதவன் என்ற மயக்கத்தை நம் மாணவர்களிடமிருந்து நீக்க இவற்றைவிடச் சிறந்த மருந்து இல்லை. மாற்றுக் கருத்தைப் பகையாகவும், கருத்தை மாற்றிக்கொள்வதைப் பலவீனமாகவும் எண்ணும் பழக்கம் நம்மிடையே வலுத்துவரும் இக்காலத்தில், பரிணாமத்தைக் கற்பிக்கும் பாடத்தோடு, டார்வினின் 1861-ஆம் ஆண்டுக் கடிதத்தையும், 1863-இல் இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் நல்ல தமிழில் பெயர்த்துச் சேர்க்கப் பாடநூற் குழுவினர் முன்வர வேண்டும். முடிபுகளை மனப்பாடம் செய்தவன் பரீட்சையில் தேறலாம். அவற்றை அடைந்த வழியையும் அறிந்தவனே விஞ்ஞானம் கற்றவனாவான்.