பாயிண்டுக்குச் சேர்ந்த வகுப்பு



போன வாரம் சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் போனில் அழைத்தார். நம் இதழின் நெடுநாள் வாசகி. "பாயிண்ட் கிடைக்கும்னுதான் சார் அந்த ஆன்லைன் வகுப்புல சேர்ந்தேன். இப்போ மனசே சரியில்லை" என்றார்.

பாயிண்ட் என்ன கணக்கு என்று கேட்பவர்களுக்கு: சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இது 1992ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, இடைப்பட்ட ஆண்டுகளில் புதிதாக ஏதாவது படித்தீர்களா என்று கேட்பார்கள். படித்ததற்குச் சாட்சிதான் 'சி.ஆர்.ஈ. பாயிண்ட்'. முன்பெல்லாம் லீவு போட்டு, பெட்டி கட்டி, வகுப்பு நடக்கும் முட்டுக்காடு வரை போய் உட்கார வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு லிங்க் வீட்டுக்கே வருகிறது. வகுப்பு ஒரு பக்கம் ஓட, குக்கர் ஒரு பக்கம் விசில் அடிக்கும். நானும் ஆன்லைன் கூட்டத்தில் வெங்காயம் உரித்தவன்தான், குறை சொல்ல மாட்டேன்.

இந்த அம்மாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாடம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின, அரசு வேலை ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. தெரிந்த சங்கதிதானே என்று இருந்தவர், 13ஆம் பிரிவு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டாராம். சொத்து வைத்துக்கொள்ளவும், வாரிசாகப் பெறவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. வேண்டிய உதவி செய்தும் ஒருவரால் முடிவெடுக்க இயலாதபோதுதான் காப்பாளர் என்ற பேச்சே வருகிறது. அதுவும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அந்த மாற்றுத்திறனாளியைக் கலந்துகொண்டே செய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு.

"இருபது வருஷமா தாய்மார்கள்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளை பேர்ல எதையும் எழுதாதீங்க, அண்ணன் பேர்ல எழுதிடுங்க, அவன் பார்த்துக்குவான்னு சொன்னேன் சார்." இப்போது பழைய நோட்டை எடுத்து வைத்து அந்தத் தாய்மார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். சில வீடுகளில் பத்திரப்பதிவு முடிந்தே போய்விட்டதாம்.

சர்டிபிகேட் வந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். அவரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு ஆதங்கம். இந்தப் பாடத்துக்கு வந்து உட்காருவது பெரும்பாலும் இவரைப் போல ஏற்கெனவே இந்தக் குழந்தைகளோடு நாளைக் கழிப்பவர்கள்தான். அதே சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பாருங்கள். ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், காவலர், வழக்கறிஞர், நீதிபதி ஆகியோருக்கான பயிற்சிகளிலெல்லாம் இந்த உரிமைகளைச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. டாக்டர், செவிலியர், அங்கன்வாடி ஊழியர், இன்ஜினீயர் படிப்புகளிலும் இது ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சாய்தளம் கட்டச் சொன்னால் சறுக்குமரம் கட்டி வைக்கிற இன்ஜினீயர் இந்த வகுப்புக்கு வர வேண்டாமா? டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. அந்த முப்பதில் இரண்டு மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால், நோயாளி எதிரே உட்கார்ந்திருக்க, கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன பண்ணுது?" என்று கேட்கும் பழக்கமாவது குறையும்.

வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமைப் பாடம் எடுக்கிறீர்கள், நல்லது. அதில் சைகைமொழி பெயர்ப்பாளர் இருக்கிறாரா? பேசுவது திரையில் எழுத்தாக ஓடுகிறதா? பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு உங்கள் வினாத்தாளை முடிக்க முடியுமா? அறிவிப்பு அனுப்புவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வாசகர்களில் யாராவது இப்படிப் பாயிண்டுக்காகச் சேர்ந்து, அங்கே கேட்டதனால் தன் வேலையில் எதையாவது மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு கடிதம் போடுங்கள். கையால் எழுத முடியாதவர்கள் குரல்பதிவாக அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்