டோர்கீயில் பனை இல்லீங்கோ!

இங்கிலாந்துல டோர்கீ போய்ட்டு வர்றவங்க எல்லாம் 'கடற்கரையில பனை மரம்'னு படம் போடுறீங்க. மக்களே, அது பனையே இல்லை! நியூசிலாந்துலேர்ந்து வந்த கார்டிலைன். கத்தி மாதிரி இலை. 2010 டிசம்பர் குளிர்ல எத்தனையோ கருகிப் போச்சு.

நிஜப் பனைக் குடும்பம் பார்க்கணும்னா சூசன் பனையைத் தேடுங்க. விசிறி ஓலை, தண்டு முழுக்க பழுப்பு நார். ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலேர்ந்து 1849ல அனுப்பி வச்சது. மைனஸ் 10 டிகிரியெல்லாம் அதுக்குச் சாதாரணம்.

நான் அவசரப்பட்டு ஆளுயர மரமாவே வாங்கி நட்டேன். பனிக்குப் பயந்து மார்ச் வரைக்கும் பிளாஸ்டிக் சுத்தி வச்சேன். பிரிச்சா, குருத்தைத் தொட்டதும் கையோட வருது! குளிர் கொல்லலீங்க, உள்ளே தேங்கின ஈரம்தான் கொன்னுது. கன்னா வாங்குங்க, காத்தோட்டமா விடுங்க. பனங்காட்டு ஊர்ல பொறந்தவனுக்கு இது தெரியலையேன்னு அம்மா போன்ல சிரிக்கிறாங்க :-(