தைல மரத்தின் குலம் கோத்திரம்

கம்பைநல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தைல மரம் மளமளவென்று வளர்ந்து நிற்கிறது. அதன் காய்களைப் பொறுக்கி நாற்று விட்டு, எங்கள் ஒரு ஏக்கரிலும் நட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செலவுக்கு என் வளையல்களைக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

வளையலைக் கழற்றுமுன் மரத்தின் குலம் கோத்திரத்தை விசாரித்துவிடுவோம், அம்மணி! நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், யூகலிப்டஸ் குடும்பத்தில் சுமார் 700 இனங்கள் உண்டு. இலையைப் பார்த்தால் அக்காள் தங்கைகள் மாதிரிதான் தோன்றும். மொட்டையும் காயையும் பார்த்தால்தான் யார் எவர் என்று தெரியும்.

1843-ல் காப்டன் காட்டன் நீலகிரிக்குக் கொண்டுவந்தது குளோபுலஸ் என்ற இனம். அதன் காய் பம்பரம் போல, சொரசொரப்பாக, ஓர் அங்குலம் வரை இருக்கும். பெரும்பாலும் ஒற்றையாகக் காய்க்கும். ஜலதோஷத்துக்குத் தடவுகிறோமே, அந்த நீலகிரித் தைலம் இதன் இலையிலிருந்து வடிப்பது. குளிர்ந்த மலைதான் இதற்குப் பிடிக்கும்.

நம் பக்கத்துச் சமவெளியில் வளர்பவை முக்கியமாக இரண்டு: டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ். இரண்டுக்கும் காய் சிறிது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? மொட்டின் மூடியைப் பாருங்கள். 'யூகலிப்டஸ்' என்றாலே கிரேக்க மொழியில் 'நன்றாக மூடப்பட்டது' என்றுதான் பொருள். மூடி நீண்ட கொம்பு போல இருந்தால் டெரிடிகார்னிஸ். குட்டையாக, நுனியில் பறவை மூக்குப் போலக் கூராக இருந்தால் கமால்டுலென்சிஸ். முற்றிய காயை வெள்ளைக் காகிதத்தில் உலர்த்தித் தட்டினால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். முன்னதன் விதை கறுப்பு அல்லது கரும்பழுப்பு; பின்னதன் விதை மஞ்சள்.

மூடி கொம்பாகவும் இல்லை, மூக்காகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவாக இருக்கிறதா? கலப்பு மரமாக இருக்கலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இரண்டு இனங்களையும் மணம் முடித்து வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் பெற்றோரை மிஞ்சி வளர்ந்தன!

சங்கடம் பேரப்பிள்ளைகளிடம்தான். கலப்பு மரத்தின் விதையில் முளைப்பவை ஒரே சீராக வருவதில்லை. ஒன்று ஓங்கும், ஒன்று குட்டையாகும், இன்னொன்று நோஞ்சானாக நிற்கும். அசல் இனத்து மரமாகவே இருந்தாலும், தேனீ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து கொட்டியதோ, யார் கண்டது? அதனால்தான் இப்போது நல்ல மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, வேர்விடச் செய்து, கன்றாக விற்கிறார்கள். அந்தக் கன்று தாய் மரத்தையே உரித்து வைத்தாற்போல வளரும். விலை சற்றுக் கூடத்தான். ஆனால், நட்டு நாலைந்து வருஷம் காத்திருந்து வெட்டப்போகிற மரம் அல்லவா?

ஆகவே சகோதரி, பொறுக்கின விதைக்காக வளையலைக் கொடுக்க வேண்டாம். மொட்டுள்ள ஒரு கிளையைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். மூடியை இரண்டு பேருமாகப் பாருங்கள். பிறகு கன்றின் விலையை விசாரித்துக் கணக்குப் போடுங்கள். அதுவரையில் வளையல்கள் கையிலேயே இருக்கட்டும்.