சொட்டுகிற குழாய்க்கு நானே வைத்தியம் பார்த்தேன்!

ஓட்டப்பிடாரம் என்றதும் வ.உ.சி. பிறந்த ஊர் என்பார்கள். ஆனால் இந்தக் கரிசல் காட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்துக் கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் வருகிற அன்று மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மறுமுறை வரும்வரை ஓட்டுவோம்.

மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். குழந்தைக்கு இருபது நாள். ஒரு காலையில் பிள்ளைத் துணிகளை அலசக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தொட்டி நிரம்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நாளைக்கு வரவேண்டிய தண்ணீர். அன்று பக்கத்து வீட்டு மதினி கொடுத்த இரண்டு குடத்தில்தான் பேரனுக்குக் குளியல்.

ஷவர் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததை நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். தொட்டி மறுபடி நிறைந்ததும் இரவு பத்து மணிக்கு அதன் அடியில் வாளியை வைத்தேன். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் பன்னிரண்டு லிட்டர்! ஒரு நாளைக்கு மூன்று குடம். வயிறு எரிந்தது.

குழாய் ரிப்பேர்க்காரர் "நாளைக்கு வாரேன்" என்றே மூன்று நாள் கடத்தினார். நானே ஸ்பேனரை எடுத்தேன். "இது பொம்பளை பார்க்கிற வேலையா?" என்றார் இவர். அத்தைதான், "குக்கருக்கு ரப்பர் மாத்துறவளுக்கு இது பெரிய காரியமா? நீ பாரு தாயி" என்றார்கள்.

அத்தை சொன்னது சரிதான். திருகித் திறக்கும் குழாயின் உள்ளே ஒரு சின்ன வாஷர்தான் தண்ணீரை அடைக்கிறது. அது தேய்ந்தால் சொட்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாடித் தொட்டியின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கீஸர் இருந்தால் அதன் சுவிட்சை முன்னாலேயே அணைக்க வேண்டும். சாக்கடைத் துவாரத்தில் பழந்துணியை வையுங்கள். திருகாணி விழுந்தால் தேடி மாளாது.

கைப்பிடியின் மேல்மூடியை நெம்பி, உள்ளே இருக்கும் திருகாணியைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அது இறுகிப் போயிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தேன், இளகியது. பிறகு சுவரை ஒட்டிய வட்டத் தகட்டை எடுத்து, உள்பாகத்தில் துணி சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகினேன். அதன் அடியில்தான் வாஷர், நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போய் அதே அளவு வாங்குங்கள். வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்பாக அரித்திருந்தால் புது வாஷரும் நிற்காது. ஆளைக் கூப்பிடுவதே நல்லது. கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயில் இந்த வாஷர் கிடையாது. உள்பாகத்தையே மாற்ற வேண்டும்.

திருப்பிப் பூட்டும்போது குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துப் பூட்டினால் வாஷர் நசுங்காது. பழைய தகடும் கைப்பிடியும் துருவேறியிருந்ததால் அதே கம்பெனியில் புதியவை வாங்கி மாட்டினேன். தகட்டைச் சுற்றிப் பூசும்போது கீழ்ப்பக்கம் மட்டும் சிறிது இடைவெளி விடுங்கள். உள்ளே கசிந்தால் சுவருக்குள் ஊறாமல் வெளியே தெரியும்.

கடைசியாக ஒன்று: குழாயை மூட இரண்டு விரல் பலம் போதும். இறுக்க இறுக்கத்தான் வாஷர் சீக்கிரம் தேயும்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது தொட்டியில் பழைய தண்ணீரே கொஞ்சம் மிச்சமிருந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்படிக் குழாயும் லேசாச் சொட்டுதே" என்றார். ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டேன்!

உங்கள் வீட்டிலும் இன்றிரவு ஒரு வாளியை வைத்துப் பாருங்களேன்.