மார்க்கோ போலோவின் மூட்டையில் மக்ரோனி இல்லை

பாஸ்தா பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் மூன்றாவது வரிக்குள் மார்க்கோ போலோ வந்துவிடுகிறார். சீனாவில் நூடுல்ஸைப் பார்த்தாராம், கொண்டுவந்து இத்தாலிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம். வினாடி வினா புத்தகமும் சமையல் நிகழ்ச்சியும் இதையே ஒப்பிக்கின்றன. காயல் துறைமுகத்தையும் பாண்டியர்களின் குதிரை வணிகத்தையும் எழுதிவைத்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் தனி வாஞ்சை உண்டு. அதற்காக அவர் செய்யாத காரியத்தையும் அவர் கணக்கில் எழுத வேண்டுமா?

போலோ வெனிஸுக்குத் திரும்பியது 1295-இல். ஆனால் 1279 பிப்ரவரியிலேயே, ஜெனோவா நகரில் உகோலினோ ஸ்கார்பா என்ற பத்திர எழுத்தர், போன்சியோ பாஸ்தோனே என்ற படைவீரரின் உடைமைகளைப் பட்டியலிட்டபோது மக்ரோனி நிறைந்த கலம் ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார். சொத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது என்றால், அது நாள்பட இருக்கும் உலர்ந்த பண்டம், விலை பெறும் பண்டம். வேடிக்கை என்னவென்றால், போலோ தன் பயணக் கதையை எழுத்தாளர் ருஸ்திக்கெல்லோவிடம் சொன்னதும் இதே ஜெனோவாவின் சிறையில் இருந்தபடிதான்.

இன்னும் பின்னால் போகலாம். சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியலாளர் அல்-இத்ரீசி, 1154-இல் முடித்த தன் நூலில் பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்ற ஊரைப் பற்றி எழுதுகிறார். வற்றாத நீரோட்டம், அதில் ஓடும் மாவு ஆலைகள், அங்கே ஏராளமாகத் தயாராகும் ‘இத்ரியா’ என்ற மாவிழை. அது கலாப்ரியாவுக்கும், முஸ்லிம் நாடுகளுக்கும், கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாகப் போனது என்கிறார். வீட்டுச் சமையலைத் தாண்டி ஏற்றுமதித் தொழிலாகவே அது வளர்ந்திருக்கிறது. அப்போது மார்க்கோ போலோவின் தாத்தாவாவது பிறந்திருப்பாரோ என்னவோ!

அந்த இத்ரியாவும் திடீரென முளைத்ததல்ல. ரவையைப் பிசைந்து இழையாக்கி, காயவைத்து, பிறகு வேகவைக்கும் பண்டம் என்று 9-ஆம் நூற்றாண்டின் சிரியாக் அகராதிக்காரர் ஈஷோ பார் அலி அதை விளக்கியிருக்கிறார். பாக்தாதில் 1226-இல் தொகுக்கப்பட்ட சமையல் நூலில் மாவிழைகளை இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கும் ‘ரிஷ்தா’ இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் உருவான ‘லிபெர் தே கொக்வினா’ லசான்யாவுக்குச் செய்முறை தருகிறது: மாவை மெல்லியதாகத் தேய்த்து, மூன்று விரல் அகலச் சதுரங்களாக வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, துருவிய பாலாடைக்கட்டியும் மசாலாப் பொடியும் அடுக்கடுக்காகத் தூவி, கூர்மையான மரக்குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டும். அதில் சீனாவின் வாசனைகூட இல்லை.

சீனாவின் லாஜியாவில் 4000 ஆண்டு பழைய நூடுல்ஸ் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது உண்மை, 2005-இல் வெளியான ஆய்வு அதைத் தினையில் செய்ததாகச் சொன்னது. பழையது என்பதாலேயே அது பாஸ்தாவுக்குத் தாயாகிவிடுமா? மாவை இழையாக்குகிற எல்லாரும் ஒருவரிடமிருந்தே கற்றார்கள் என்றால், நம் இடியாப்பத்துக்கும் ஒரு மார்க்கோ போலோவைத் தேட வேண்டியிருக்கும். போலோவின் நூலிலேயே லசான்யா என்ற பேச்சு வருவது 1559-இல் அச்சான ராமுசியோவின் பதிப்பில். அதுவும் சீனாவைப் பற்றியது அல்ல. சுமத்ராவில் மரச்சோற்று மாவில் செய்த உணவைப் பற்றியது. முன்பே தெரிந்த லசான்யாவின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

பிறகு இந்தக் கதையை ஊரெங்கும் பரப்பியது யார்? அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் ‘மக்ரோனி ஜர்னல்’ என்ற வணிக இதழுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1929-இல் அது வெளியிட்ட கற்பனைக் கதையில் போலோவின் மாலுமி ஒருவன் சீனாவில் இந்த உணவைக் கண்டறிகிறான். அவன் பெயரே ஸ்பாகெட்டி! சரக்கு விற்கப் புனைந்த கதையை நாம் பொது அறிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சிசிலியின் ஆலைக்காரர்களுக்கும் அரபு உலகின் சமையல்காரர்களுக்கும் சேர வேண்டிய பெயரை ஒரு வெனிஸ் வணிகருக்குத் தூக்கிக் கொடுக்கிறோம்.

பொது அறிவுப் புத்தகம் அச்சிடுகிறவர்கள் அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியை நீக்கிவிடட்டும். கேள்வி வேண்டும் என்றால், விடையில் சிசிலியையும் 1154-ஐயும் போடட்டும்.