எக்ஸும் டபிள்யூவும்

பின்நவீனத்துவ நாவல் என்றாலே சிலர் அட்டவணை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒளி, அந்தப் பக்கம் இருள்; இங்கே ஒழுங்கு, அங்கே குலைவு. ஒரு படிமம் நாலு தடவை திரும்ப வந்தால் "மொழி விளையாட்டு" என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சில் படித்தவன், ஆயுசில் பாதியை அரசாங்கக் கோப்புகளோடு கழித்தவன் என்ற முறையில் எனக்கு இது சம்மதமில்லை. சாட்சிக்கு ழோர்ழ் பெரெக் ஒருவரே போதும்.

1969-இல் வந்த அவருடைய 'லா திஸ்பரிசியோன்' நாவலில், பிரெஞ்சில் அதிகம் புழங்கும் 'ஈ' என்ற எழுத்து ஓரிடத்திலும் கிடையாது. (எங்கள் வாத்தியார் அப்படி ஒரு பாரா எழுதச் சொல்லியிருந்தால் வகுப்பே காலியாகியிருக்கும்.) பலரும் வித்தை என்று கைதட்டினார்கள். எழுத்து காணாமல் போனதையே கவனிக்காமல் மதிப்புரை எழுதியவரும் உண்டு.

பெரெக் போலந்து யூதக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் 1940-இல் போர்முனையில் மாண்டார். தாயாரை 1943-இல் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள், திரும்பவில்லை. அதற்காகக் குடும்பத்துக்குக் கிடைத்த அரசாங்கத் தாளின் பெயர் 'ஆக்ட் த திஸ்பரிசியோன்', அதாவது காணாமற்போனதற்கான பத்திரம். நாவலின் தலைப்பை அதோடு சேர்த்துப் பாருங்கள். அம்மையார் இறந்துவிட்டதாக ஆணை வந்தது 1958-இல். இறந்த இடம் பாரிஸ் அருகே திரான்சி என்று அதில் எழுதியிருந்தது! மறுவருஷம் இன்னொரு ஆணை: அவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்திருந்தால் 'பிரான்சுக்காக மாண்டவர்' என்ற குறிப்புக்குத் தகுதி பெற்றிருப்பாராம். இந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும். இலக்கணப் பிழை இருக்காது, முத்திரையும் கையொப்பமும் சரியாக இருக்கும்.

இதையெல்லாம் அவர் பதிவு செய்த 1975-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் தலைப்பு 'டபிள்யூ' என்று தொடங்குகிறது. சமர்ப்பணம் அந்த 'ஈ' எழுத்துக்கு. பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரும் 'அவர்கள்' என்ற சொல்லும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

எதிர்மைக்கு வருவோம். இரண்டு 'வி'க்களைக் கூர் முனையோடு முனை சேர்த்தால் எக்ஸ். பக்கத்தில் பக்கம் வைத்தால் டபிள்யூ. அதே கோடுகளை நீட்டி மடக்கினால் நாஜி ஸ்வஸ்திகா வருகிறது, தாவீதின் நட்சத்திரமும் வருகிறது என்று பெரெக்கே அந்நூலில் காட்டுகிறார். கொன்றவனின் சின்னமும் செத்தவனின் சின்னமும் ஒரே கோட்டில் பிறக்கும்போது, இவர்கள் அட்டவணைக்கு நடுவே கோடு எங்கே கிழிப்பார்கள்?

1978-இல் வந்த பெரிய நாவலில், பார்ட்ல்பூத் என்ற பணக்காரக் கிழவர் 439-ஆவது துண்டுப்படப் புதிரின் முன் உட்கார்ந்தபடியே இறக்கிறார். பாக்கி இருக்கும் ஓட்டை எக்ஸ் வடிவம். கையில் இருக்கும் துண்டு டபிள்யூ. புதிரை வெட்டியவன் பெயர் கஸ்பார் வின்க்லேர். அதே பெயர் 1975 புத்தகத்தில் கடலில் தொலைந்துபோன ஒரு குழந்தைக்கு.

இதை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறீர்கள் ஐயா, ஒளியிலா, இருளிலா?