டர்போவைக் கழற்றும் முன்

25 ஆண்டுகள் நிறைந்த வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்கா தன் வாகனப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. அவ்வழியே 2014 முதல் ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 அங்கே இறக்குமதியாகத் தொடங்கியது. வந்த சில நாட்களில் எஞ்சின் திணறினால் உரிமையாளரின் ஐயம் முதலில் டர்போவின் மீதே விழுகிறது. அதன் பீங்கான் சுழலி உடையக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் விலையுயர்ந்த உறுப்பே குற்றவாளி என்று கொள்வது சோம்பல். ஆய்வுலகிலும் இச்சோம்பலுக்குப் பஞ்சமில்லை.

1996க்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களில் ஸ்கேனரைச் செருகினால் பழுதின் குறியீட்டெண் கிடைக்கும். 1989இல் வெளிவந்த ஆர்32இல் அந்த ஸ்கேனரைச் செருகவே இடமில்லை. எனவே சோதித்தே அறிய வேண்டும். அதன் ஆறு சிலிண்டர்களுக்கும் தனித்தனி இக்னிஷன் காயில்கள் உண்டு. எது எரியாமல் தவறுகிறதோ, அதன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். பழுதும் உடன் இடம்பெயர்ந்தால் காயிலே காரணம். பெயராவிட்டால் ஸ்பார்க் பிளக், வயர் இணைப்பு, இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றும் இந்த எளிய முறைக்குச் செலவே இல்லை.

பெட்ரோலையும் மறக்கலாகாது. ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோலின் ஆக்டேன் எண் பொதுவாக 100, கலிபோர்னியாவில் 91. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். அவற்றை ஒன்றாக்கிக் கணக்கிட்டாலும் சில புள்ளிகள் குறைவு எஞ்சும். முழுவிசையில் எழும் 'நாக்கிங்' ஒலிக்கு அதுவே போதும்; அப்போது டர்போவில் பழுதே இராது.